பால் போத்தல் கதைக்கு அண்ணையின் தீர்ப்பு

1

பினாங்கைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டு நெடுநாளாகிவிட்டது. கடலுக்குக் குறுக்கே போட்ட பாலத்தைப் பற்றி எழுதலாம், தைப்பூசத்து ரதத்தைப் பற்றி எழுதலாம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் சோற்றுக்கு வரிசையில் நிற்கிற கூட்டத்தைப் பற்றி எழுதலாம் என்று நானும் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் இருக்கிறவன் எழுதினால் இதையெல்லாம்தான் எழுத வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறதே.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த எண்ணத்தில் மண் விழுந்தது. இங்கே தொலைக்காட்சியில் பழைய ஆங்கிலத் துப்பறியும் தொடர் ஒன்றை மறுபடி போடுகிறார்கள். கறுப்பு வெள்ளைக் காலத்துச் சரக்கு. குடையும் கையுமாகத் திரிகிற ஒரு கிழட்டு இன்ஸ்பெக்டர் வாரத்துக்கு ஒரு கொலையைக் கண்டுபிடிப்பார். கீழே மலாயில் எழுத்து ஓடும். தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். திரையில் ஒரு வீட்டு வாசற்படி. அதில் பால் போத்தல்கள் இருந்தன. எந்தக் கதை என்று உடனே தெரிந்துவிட்டது. தேநீரைக் கீழே வைத்தேன்.

"அப்பா, இது பெரியப்பா பார்த்த கதை இல்ல?" என்றாள் மகள் சியாமளா.

"பார்த்த கதை இல்லை. கேட்ட கதை."

"ஆமா லா. நீங்க மாத்தி சொன்ன கதை."

அவளுக்குப் பதினாறு வயது. பினாங்கில் பிறந்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் தகப்பன் எந்த இடத்தில் பொய் சொன்னான் என்பதைத் தடக்குப்படாமல் சொல்லிவிடுவாள்.

அண்ணியின் முதலாம் ஆண்டுத் திவசம் இந்த மாதம் வருகிறது. ஊரில் அண்ணை அதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து இந்தக் கதையை மறுபடி போட்டால் மனிதன் பாலத்தைப் பற்றியா எழுதுவான்? பாலமும் ரதமும் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

2

எங்கள் தாய் தகப்பனுக்கு நாங்கள் இரண்டே பேர். அண்ணை மூத்தவர். நான் நாலெழுத்துப் படித்து, கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளாக்கர் வேலை கிடைத்துப் பினாங்குக்கு வந்தேன். அவர் ஊரில் நின்று புகையிலைத் தோட்டத்தையும் பார்த்து, அப்புவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்தார். நான் இங்கிருந்து பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பினேன்.

தோட்டத்துக்கு மேலே அவர் எங்கள் பகுதி இணக்க சபையிலும் இருந்தவர். இளம் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வேலிச் சண்டை, கிணற்றுப் பங்கு, வாய்த்தர்க்கம் போன்றவற்றைக் கோர்ட்டுக்குப் போகவிடாமல் இரண்டு பகுதியையும் கூப்பிட்டுப் பேசித் தீர்த்து வைக்கிற சபை அது. அண்ணை இருந்த நாட்களில் வாதியும் பிரதிவாதியும் ஒரே மரவாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள் என்று ஊரில் ஒரு பேர் உண்டு. ஆங்கிலம் மட்டும் அவருக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் இல்லை.

அவருக்கு ஒரு கண் முந்தியே போய்விட்டது. மற்றக் கண்ணிலும் விழித்திரை கழன்றுகொண்டு வருகிறது என்று கொழும்பில் சொன்னார்கள். சண்டையால் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகள் இருந்த இருப்பு உங்களுக்கே தெரியும். அண்ணிதான் பிடிவாதமாக நின்று அவரை என்னிடம் அனுப்பினார். தான் வரவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. மாட்டுக்குத் தண்ணி வைக்கவும் சாமிக்கு விளக்கு வைக்கவும் ஆள் வேண்டுமாம்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. விழித்திரை ஒட்டும்வரை அவர் முகத்தைக் கவிழ்த்தபடியே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் கவிழ்ந்த முகம், நடக்கும்போதும் கவிழ்ந்த முகம். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. கண்ணைக் கசக்க விடாதீர்கள், முக்கிப் பாரம் தூக்க விடாதீர்கள், ஆளை அமைதியாக வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார். இதை நன்றாக ஞாபகம் வைத்திருங்கள். பின்னால் வரும்.

ஜெலுத்தோங்கில் எங்கள் வீடு அடுக்குமாடியில். கீழே பட்டறைகள், காலையிலிருந்து இரும்பு அடிக்கிற சத்தம். அண்ணை சாப்பாட்டு மேசையில் தலையணை வைத்து நெற்றியை அதில் ஊன்றிக்கொண்டு, கட்டுப் போட்ட கண்ணோடு, அந்தச் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். என் மனைவி பத்மா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். "அண்ணே, காப்பி கலக்கட்டுங்களா?" என்பாள். புருஷனின் தமையனை எங்கள் ஊரில் அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பார்கள். பினாங்கில் ஆண்பிள்ளை என்றால் தம்பி, கொஞ்சம் நரைத்திருந்தால் அண்ணே, அவ்வளவுதான் கணக்கு.

அவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் துப்பறியும் தொடரைப் போட்டு, நான் பக்கத்தில் இருந்து நடக்கிறதை நடக்க நடக்கத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். எவன் உள்ளே வந்தான், எதை மறைத்தான், இன்ஸ்பெக்டர் எதைக் குனிந்து பார்த்தார் எல்லாம். கதை முடிந்ததும் அண்ணை தீர்ப்புச் சொல்வார். இணக்க சபையில் சொன்ன அதே குரல்.

முதல் கதையில் ஒருத்தன் தன் பங்காளியை ஏரியில் தள்ளிக் கொன்றான். நான் ஆவென்று பார்த்துவிட்டுச் சொன்னேன். "வழக்குத் தள்ளுபடி" என்றார் அண்ணை.

"ஏனண்ணை? அவனே ஒத்துக்கொண்டானே."

"இன்ஸ்பெக்டர் வெருட்டின வெருட்டில ஒத்துக்கொண்டவன். சாட்சி எங்கை? சப்பாத்தில சேறு இருந்ததெண்டால் ஏரிக்கரையில இருக்கிற எல்லாற்றை சப்பாத்திலயும்தான் சேறு."

அடுத்த வாரக் கதை அவருக்குப் பிடித்தது. பத்துக்கு ஒன்பது கொடுத்தார். குறைத்த ஒன்று எதற்கு என்று சியாமளா கேட்டாள். "குற்றவாளிக்கும் நாக்கு இருக்குப் பிள்ளை. கடைசியில அவன் ஏதோ சொல்ல வாயெடுக்க, இன்ஸ்பெக்டர் விடேல்லை. உன்ர அப்பா அதைச் சொன்னவர்தானே. ஒருத்தன் ஏன் செய்தவன் எண்டு கேளாமல் தீர்ப்பெழுதக்கூடாது" என்றார். எங்கள் வீட்டில் பிறகு எல்லாவற்றுக்கும் தீர்ப்பு நடக்கத் தொடங்கிவிட்டது. பத்மாவின் சாம்பாருக்குக்கூட ஒரு நாள் வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. அந்த நாட்களில் நான் சிரித்த சிரிப்புப் போல அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

3

ஒரு காலை வேளை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கும்போது கொழும்பிலிருந்து உறவுக்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அண்ணி போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவில்லையாம். பாதை பூட்டிக்கிடந்ததால் செய்தி கொழும்புக்கு வரவே நாளாகிவிட்டது. எல்லாம் முடிந்துவிட்டது, அண்ணியின் தம்பி மகன் கொள்ளி வைத்தான் என்றார்.

அண்ணை உள்ளே மேசையில் கவிழ்ந்திருந்தார். "ஆர் ரெலிபோனிலை?" என்று கேட்டார்.

"வேலைக் கந்தோரில இருந்து" என்றேன்.

அந்த முதல் பொய் வாயிலிருந்து எவ்வளவு இலகுவாக விழுந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது. அண்ணி எனக்கு அண்ணி மட்டும் இல்லை. கலியாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடப் பொடியன். பரீட்சைக் காலத்தில் விடிய எழும்பித் தேத்தண்ணி வைத்துத் தந்தவர் அவர்தான். நான் கப்பலேறிய அன்றைக்கு அம்மா அழுதார், அண்ணி பொரிவிளாங்காய் கட்டித் தந்தார்.

பத்மாவைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அண்ணேகிட்ட எப்படிங்க சொல்றது?" என்றாள்.

"இப்ப சொல்லக்கூடாது. அழுதால் கண் போயிடும். டாக்டர் சொல்லியிருக்கிறா."

"அழக்கூடாதுன்னா சொன்னாங்க?"

"அமைதியா வைச்சிருக்கச் சொன்னா. அதுக்கு அதுதானே அர்த்தம்?"

பின்னால் நின்ற சியாமளா, "டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்களேம்ப்பா. ஒரு போன்தானே" என்றாள். இதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிற விஷயமில்லை என்று அவளை அதட்டினேன். கட்டு அவிழ்த்த பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று முடிவாயிற்று. முடிவாயிற்று என்றால், நான் முடிவு செய்தேன், மற்ற இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள்.

இனித்தான் நான் செய்த முட்டாள்தனம் வருகிறது. அண்ணனின் மனைவி இறந்தால் தம்பிக்கும் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை வீட்டில் மச்சம் மாமிசம் சமைப்பதில்லை, கோயிலுக்குப் போவதில்லை. அண்ணையை ஏமாற்ற வேண்டுமென்றால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? வழக்கம்போல மீன் வாங்கியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்து அவர் நெற்றியில் பூசியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. பசாரில் மீன் கடைக்கு முன்னால் போய் நின்று பார்த்தேன். அண்ணி செத்துக் கிடக்க அவருடைய கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் மீன் வாங்குவதா என்று திரும்பி வந்துவிட்டேன். பொய் சொல்ல வாய் வந்தது, மீன் சாப்பிட வாய் வரவில்லை.

"என்ன பத்மா, பாலிக் புலாவ் மீன் இப்ப வாறேல்லையோ?" என்று அண்ணை கேட்டார். எங்கள் பசாருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நல்ல மீன் வரும். வந்த நாள் முதல் அவருக்கு அதில் ஒரு பிரியம்.

"டாக்டர் மீன் வேணாம்னு சொல்லிட்டாங்கண்ணே" என்றாள் பத்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த டாக்டர் பாவம். எங்கள் வீட்டுப் பொய்கள் எல்லாவற்றுக்கும் அவரே பிணை நின்றார்.

அதே வாரம் அண்ணையின் தங்கும் அனுமதியை நீட்டிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆள் நேரில் வர வேண்டும் என்றுவிட்டார்கள். கவிழ்ந்த முகத்தோடு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். முகப்பில் இருந்த மலாய் இளைஞர் இவர் தனக்குத்தான் இவ்வளவு நேரம் தலை வணங்கி நிற்கிறார் என்று நினைத்து, "பாக்சிக், பெரியவரே, அவ்வளவு மரியாதை வேண்டாம்" என்று சங்கடப்பட்டார். விளக்கிச் சொன்னதும் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நல்ல பிள்ளை. பிறகு படிவத்தைப் பார்த்து, மனைவி எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். ஆனால் நான் அண்ணையைக் கேட்காமல் பதில் சொன்னால் அண்ணைக்குச் சந்தேகம் வரும். ஆகவே கேட்டேன்.

"மனிசி எங்கை எண்டு கேக்கினம், அண்ணை."

"வீட்டிலதான். எங்கை போறது? மாட்டோட மாரடிச்சுக்கொண்டு நிக்கிறா எண்டு சொல்லு" என்றார் தரையைப் பார்த்துச் சிரித்தபடி.

ஊரில் இருக்கிறார் என்று மலாயில் மொழிபெயர்த்தேன். இளைஞர் எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார். சீக்கிரம் சுகமாகி மனைவியிடம் போய்ச் சேரட்டும் என்று வாழ்த்தினார். அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

4

அடுத்த ஞாயிறு வந்த கதைதான் பால் போத்தல் கதை.

வழக்கமாக அந்தத் தொடரில் முதலிலேயே பிணத்தைக் காட்டிவிடுவார்கள். அன்றைக்குக் காட்டவில்லை. ஒரு பணக்காரக் கிழவி, தனியாக ஒரு பெரிய வீடு, துணைக்கு ஒரு மருமகன். கிழவியை யாரும் காணவில்லை. ஆனால் காலையில் வாசற்படியில் வைக்கிற பால் போத்தல்கள் உள்ளே போகின்றன. வெறும் போத்தல்கள் வெளியே வருகின்றன. யன்னல் சீலை நேரத்துக்கு விலகுகிறது, நேரத்துக்கு மூடுகிறது. ஒரு மண்ணும் விளங்காமல் நான் பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அண்ணைக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். போத்தலை மருமகன்தான் எடுக்கிறான் என்பதையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஒரு வெறும் போத்தலைத் தூக்கிப் பார்க்கிறார், கழுவாமல் வைத்திருக்கிறது, கிழவி கழுவித்தான் வைப்பாளாம் என்பதையும் சொன்னேன்.

அப்போது திரையில் கதவு திறந்தது. கட்டிலில் கிழவி. செத்து எத்தனையோ நாள். செத்ததை ஊருக்குத் தெரியாமல் மறைத்து, உயிரோடு இருக்கிற மாதிரி நடத்தியிருக்கிறான் மருமகன்.

நான் கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். பத்மா எழும்பிச் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"ஏன் நிப்பாட்டிப்போட்டாய்? என்ன நடந்தது?" என்றார் அண்ணை தலையணைக்குள்ளிருந்து.

"ஒண்டுமில்லை அண்ணை. கிழவியின்ர முத்துமாலை களவு போட்டுது."

"கிழவி?"

"அவ தன்ர தமக்கை வீட்டுக்குப் போட்டா. அவ இல்லாத நேரம் மருமகன் எடுத்திட்டான்."

அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் பேசப் பேச, நான் இல்லாத முத்துமாலையைப் பெட்டியில் தேடி, தோட்டத்தில் தேடி, கடைசியில் மருமகனின் கோட்டுப் பைக்குள் கண்டுபிடித்துக் கொடுத்தேன். சியாமளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதை முடிந்தது. தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

கீழே பட்டறையில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, கதை எழுதினவன் பிழை விடேல்லை" என்றார் அண்ணை. "சொன்னவன்தான் பிழை விட்டவன்."

நான் எழும்பப் பார்த்தேன்.

"தமக்கை வீட்டுக்குப் போன மனிசிக்கு ஏன் பால் எடுக்கிறான்? ஏன் சீலையை விலத்துறான்? முத்துமாலை களவெடுக்கிறவனுக்கு இவ்வளவு வேலை இல்லை. ஒரு ஆள் செத்ததை மறைக்கிறவன்தான் உந்த வேலையெல்லாம் செய்வான். அந்த வீட்டுக்குள்ளை கிழவி செத்துக் கிடந்தவ. நீ அதைக் கண்டிட்டுத்தான் சத்தத்தைக் குறைச்சனி."

"அண்ணை..."

"பொறு. நான் பேசி முடிக்கேல்லை. டாக்குத்தர் மீன் வேண்டாமெண்டு சொன்னதெண்டு பத்மா சொன்னவ. ஆஸ்பத்திரியில ரெண்டு நேரமும் மீன்தான் தந்தவை. எனக்கு வேண்டாமெண்டாலும் உங்களுக்கு என்ன? இந்த வீட்டில மீன் வாசமே இல்லை. வெள்ளிக்கிழமை திருநீறு இல்லை. உனக்குத் துடக்கு. உனக்குத் துடக்கெண்டால் எனக்கும் துடக்கு. அப்பு இல்லை, அம்மா இல்லை. எங்கட வீட்டில மிச்சம் ஆர் இருக்கினம்?"

அவர் தலையைத் தூக்கவில்லை. கை மட்டும் மேசையில் என்னைத் தேடிக்கொண்டு வந்தது. நான் அதைப் பிடித்தேன். பெரிய கை. புகையிலைக் காரம் இன்னும் போகாத கை.

"கொள்ளி ஆர் வைச்சது?" என்று கேட்டார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. நான் பதறிப்போய் அவர் முதுகை அணைத்து, "அண்ணை, அழாதேங்கோ. அழுதால் கண் போயிடும். டாக்டர் சொன்னவ" என்றேன்.

அவர் நிறுத்தினார். ஓடுகிற வண்டி மாட்டைக் கயிற்றால் இழுத்துப் பிடிக்கிற மாதிரி நிறுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை மட்டும் விட்டார். சமையலறையில் பத்மா வாய்விட்டு அழுதாள். சியாமளா அழுதாள். அந்த வீட்டில் அழாமல் இருந்தவர் மனைவியைப் பறிகொடுத்தவர் ஒருவர்தான்.

பொழுதுபட்ட பிறகு சியாமளா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பெரியப்பா, இந்தக் கதைக்கு மார்க்கு?"

"முழுக் கதையும் கேட்டாப் பிறகுதான் தீர்ப்பு, பிள்ளை" என்றார்.

5

அந்தியேட்டியைக் கடற்கரையில் செய்தோம். எங்கள் முறை தெரிந்த ஐயர் ஒருவர் வந்தார். கீரிமலையில் செய்ய வேண்டிய காரியம் மலாக்கா நீரிணையில் நடந்தது. அண்ணையைக் கடலில் முழுக விடவில்லை. தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்தேன். கவிழ்ந்த முகத்தோடு இருந்து பிண்டம் வைத்தார். ஐயர் அண்ணியின் பெயரைச் சொல்லச் சொன்ன இடத்தில் இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார். மூன்றாம் தரம் சொன்னார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சற்றுத் தள்ளி நின்று பார்த்த ஒரு கிழவர், நல்ல கல் நெஞ்சு மனிதர் என்று என் காதுபடச் சொன்னார்.

வீட்டில் பத்மா மீன் குழம்பு வைத்தாள். அண்ணை சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்றார். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சி போடுவோமா என்று கேட்டேன், வேண்டாமென்றார்.

பிறகு ஒரு நாள் டாக்டர் கட்டை முழுதாக அவிழ்த்தார். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையில் பெரிய எழுத்துகளை அண்ணை விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். டாக்டருக்கு மகிழ்ச்சி. இப்படிச் சொன்னபடி கேட்கிற நோயாளியைத் தான் பார்த்ததில்லை என்றார். அண்ணை முதலில் என்னைப் பார்த்தார். "நரைச்சுப்போனாய்" என்றார். பக்கத்தில் நின்ற சியாமளாவைப் பார்த்து, "இவள்தானோ எங்கட பிள்ளை. அம்மாவின்ர மூக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டாக்குத்தரிட்டை ஒண்டு கேள். அழலாமோ எண்டு."

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். டாக்டர் பதில் சொன்னார். கொஞ்சம் நீளமான பதில். சியாமளா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"இனி அழலாமாம், அண்ணை" என்றேன்.

தலையை ஆட்டினார். டாக்டரைக் கும்பிட்டார். காடியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் தொடங்கினார். அண்ணியின் பெயரைச் சொல்லிச் சொல்லி, குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார். நான் வீட்டைத் தாண்டி ஓட்டினேன். ஜெலுத்தோங் பசாரைச் சுற்றி, கடற்கரைப் பக்கம் போய், திரும்பி மறுபடி அதே வழியால் வந்தேன். எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. பின்னால் சியாமளா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

6

ஆண்டுத் திவசத்தைத் தன் வீட்டில் செய்ய வேண்டும் என்று அண்ணை ஊருக்குப் போய்விட்டார். பாதை சரியில்லை, சண்டை ஓயவில்லை, இங்கேயே இருங்கள் என்று கெஞ்சினோம். விளக்கு வைக்க ஆளில்லாத வீடு என்றார். விமான நிலையத்தில் என் தோளில் கையை வைத்து, "அந்தப் பால் போத்தல் கதைக்கு நான் இன்னும் தீர்ப்புச் சொல்லேல்லை. முழுக் கதையும் நீ சொல்லேல்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கிழவியைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

போன ஞாயிறு முழுக் கதையையும் பார்த்தேன். மருமகன் சொத்துக்காக மறைத்தவன். கடைசியில் இன்ஸ்பெக்டர் குடையை ஊன்றிக்கொண்டு, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறார். அவன் சொல்கிற பதிலை அந்த அமளியில் நான் அப்போது கவனிக்கவில்லை. முதல் நாள் சொல்லப் பயமாக இருந்தது, அடுத்த நாள் முதல் நாள் சொல்லாததற்கும் சேர்த்துப் பயமாகிவிட்டது என்கிறான். குற்றவாளிதான். ஆனால் அந்த இடத்தில் என் வாயால் பேசினான்.

சியாமளா தொலைக்காட்சியை நிறுத்தினாள். "கதைக்குப் பத்துக்கு எட்டு" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள். "அப்பா, டாக்டர் அன்னைக்கு என்ன சொன்னாங்கன்னு பெரியப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை" என்றேன்.

"சொல்லிடுங்கப்பா. நான் சொன்னா என் தமிழ்ல சரியா வராது."

இந்தப் பத்திரிகையை அண்ணை வாசிப்பார் என்று தெரியும். ஒட்டிய கண்ணால், விளக்குக்குக் கிட்ட வைத்து, ஒரு வரி விடாமல் வாசிப்பார். ஆகவே அண்ணை, முழுக் கதை இதுதான். அன்றைக்கு நான் கேட்டதும் டாக்டர் வியந்துபோனார். கண்ணீரால் கண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை, கசக்கக்கூடாது என்றுதானே சொன்னேன், பாவம், முதல் நாளே அழுதிருக்கலாமே, யார் தடுத்தது என்று கேட்டார். சியாமளா சொன்னபடி ஒரு தொலைபேசியில் அதைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அழலாம் என்று சொல்லிவிடுவார், பிறகு உங்களுக்கு நான் சொல்ல வேண்டி வரும் என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. உங்கள் கண்ணுக்காக என்று எல்லோருக்கும் சொன்னேன். எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மீன் பொய்யைப் பிடித்தீர்கள். முத்துமாலைப் பொய்யைப் பிடித்தீர்கள். என்னை நம்பி அந்தக் கடற்கரையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். டாக்டர் அழலாம் என்று மட்டும்தான் சொன்னார், அண்ணை. இனி என்ற சொல்லைச் சேர்த்தது நான்தான்.